காமன் கூத்தும் சுயவிபரக் கோவையும்

எங்கள் பக்கத்துப் பட்டதாரிப் பிள்ளைகளின் சுயவிபரக் கோவை கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். முன் பக்கங்கள் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சாதாரண தரம், உயர்தரம், கலைப்பட்டம், கணினிக் கற்கைநெறி ஒன்று. கடைசிப் பக்கத்தில் 'புறக்கிருத்தியச் செயற்பாடுகள்' என்று ஒரு தலைப்பு வரும். அதன் கீழே பாடசாலையில் மாணவர் தலைவராக இருந்தது, தமிழ்த்தினப் போட்டியில் வலய மட்டத்தில் வாங்கிய இரண்டாம் இடம். அதோடு முடிந்தது. கெம்பஸில் கழித்த நான்கு வருடத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் புத்தகம் வாசித்தல், பாட்டுக் கேட்டல்.

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தங்கச்சியிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"கெம்பஸ்ல ஒன்னுலயும் சேரலியாம்மா?"

"இல்ல அண்ணே. பொழுது சாஞ்ச பெறகுதான் மீட்டிங் வைப்பாங்க. எல்லாம் இங்கிலிஷ்ல. ரெண்டு தடவ போயிட்டு நின்னுட்டேன்."

"லீவுக்கு வீட்டுக்கு வந்தா என்னா செய்வீங்க?"

"சும்மாதான் இருப்பேன். கோயில் மண்டபத்துல சின்னப் புள்ளைகளுக்கு ஸ்கொலர்ஷிப் கிளாஸ் எடுப்பேன். அது சும்மா, காசுக்கு இல்ல."

அந்தச் 'சும்மா'வைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தியிருக்கிறார். பழைய வினாத்தாள்களைத் தேடிச் சேர்த்து, மாதிரி வினாத்தாள் தானே எழுதியிருக்கிறார். போட்டோ கொப்பிக்குக் காசில்லாமல் போனபோது கொழும்பில் கடைகளில் நிற்கும் தோட்டத்துப் பையன்களிடம் தொலைபேசியில் பேசி மாதாமாதம் ஒரு தொகை சேர்த்திருக்கிறார். மண்டபத்துக்கு லைட் இழுத்துத் தரும்படி தோட்டத் தலைவரிடமும் கோயில் கமிட்டியிடமும் போய் நின்றிருக்கிறார். வராமல் நின்ற பிள்ளைகளின் லயத்துக்கே போய்த் தாய்மாரோடு பேசிக் கூட்டி வந்திருக்கிறார். இத்தனையும் செய்தவர் தன் கோவையில் எழுதியிருந்த வரி, 'பாட்டுக் கேட்டல்'.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த வரியால்தான். எங்கள் பிள்ளைகளிடம் வகுப்பறைக்கு வெளியே ஒரு வாழ்க்கை நிறையவே இருக்கிறது. அதை அவர்களும் எழுதுவதில்லை, எழுதச் சொல்லிக் கொடுப்பவரும் இல்லை, எழுதினாலும் நேர்முகப் பரீட்சையில் எதிரே உட்காருபவருக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். கழகத்தில் சேர்ந்தால் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நாட்டில் கலைப்பட்டதாரி வேலையில்லாமல் இருப்பது அவருடைய கோவையில் ஒரு வரி குறைந்ததால் அல்ல. பட்டதாரிகளுக்கு அரசாங்கம் அவ்வப்போது மொத்தமாகக் கதவைத் திறக்கும், பிறகு மூடும். கடைசியாகப் பெரிய அளவில் திறந்தது 2020இல். அந்தச் செப்டெம்பரில் ஐம்பதாயிரம் அளவிலான பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுத்தார்கள். அதில் முக்கியமாகப் பார்த்தது பட்டம் செல்லுபடியாகும் திகதியைத்தான். நீ என்ன செய்தாய், என்ன செய்யத் தெரியும் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. அதனால் நம் பிள்ளைகள் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள்: பட்டத்தை எடு, காத்திரு, பட்டியலில் பெயர் வரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு சுருங்கிவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

மலையகத்தில் இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இன்றைக்கும் அரிது. ஆகவே கெம்பஸ் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கலைப்பிரிவு. கலைப்பிரிவு படித்தால் ஆசிரியர், இல்லாவிட்டால் அபிவிருத்தி உத்தியோகத்தர். கண்ணுக்குத் தெரிகிற பாதை அவ்வளவுதான். நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சலுகை கிடைக்கிறது என்பது உண்மை. உள்ளே போன பிறகு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. அங்கே கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளில் விவாத அணி, சாரணர், நாடகக் குழு என்று வளர்ந்து வந்தவர்களோடு ஒரே வாங்கில் உட்கார வேண்டும்.

தனியார் துறை நேர்முகப் பரீட்சைகளில் இப்போது பட்டத்தைவிட அதிகமாகக் கேட்பது இதைத்தான். எந்தச் சங்கத்தில் இருந்தீர்கள்? என்ன நிகழ்ச்சி நடத்தினீர்கள்? எத்தனை பேரை வழிநடத்தினீர்கள்? கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியில் டரவளை மைதானம் இருக்கிறது. டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் என்று வெள்ளைக்காரத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியெழுப்பிய இடம். ரக்பியும் கிரிக்கெட்டும் டென்னிஸும் அவர்களுக்கு வெறும் விளையாட்டு அல்ல. சின்னத்துரையாக ஒருவரை எடுக்கும்போது எந்தப் பாடசாலை, எந்த அணி என்று கேட்பது பெருந்தோட்டத் துறையின் நீண்ட வழக்கம். இன்றைக்கும் தோட்டக் கம்பனிகளின் உதவி முகாமையாளர் விளம்பரங்களில் விளையாட்டில் சாதித்தவர்களுக்கு முன்னுரிமை என்ற வரியைப் பார்க்கலாம். மலையேறி நடக்கவும் ஆட்களை நடத்தவும் உடல் வலுவும் தைரியமும் வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அதே மலையில் பிறந்து, விடியற்காலையில் மூன்று மைல் நடந்து பாடசாலைக்குப் போய்ப் படித்த தொழிலாளியின் மகனுக்கு அந்த வலு இருக்காதா? இருக்கும். ரக்பி மைதானத்தில் அவன் கால் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. லோரன் ரிவேரா, அன்ட்ராஸ் டில்சிக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2016இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 14 நகரங்களில் 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்குக் கற்பனை மாணவர்களின் பெயரில் கோவைகளை அனுப்பினார்கள். படிப்பும் புள்ளிகளும் வேலை அனுபவமும் எல்லாவற்றிலும் ஒன்றே. வேறுபட்டவை பெயரும், புறச்செயற்பாடுகள் போன்ற சில சிறிய வரிகளும் மட்டுமே. ஒருவருக்குப் பாய்மரப் படகு, போலோ, மேற்கத்திய சாஸ்திரிய இசை. இன்னொருவருக்கு மெய்வல்லுநர் ஓட்டம், தெருவில் ஆடும் உதைபந்து, நாட்டுப்புற இசை. பணக்கார அடையாளம் கொண்ட ஆண்களில் 16 சதவீதத்தினருக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. எளிய குடும்பத்து அடையாளம் கொண்ட ஆண்களில் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டியோருக்குத்தான் வந்தது. திறமையைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அங்கே அவர்கள் பார்த்தது எந்த வீட்டுப் பிள்ளை என்பதை.

இதைப் படித்ததும் எனக்கு ரொனால்ட் டோரின் 'சான்றிதழ் நோய்' நூல் நினைவுக்கு வந்தது. 1976இல் வந்த ஆங்கில நூல். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. சாதாரண தரத்துக்குக் கிடைத்த வேலைக்கு உயர்தரம் கேட்பார்கள், உயர்தரத்துக்குக் கிடைத்த வேலைக்குப் பட்டம் கேட்பார்கள், வேலை அதே வேலையாகவே இருக்கும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்னால் நம் நாட்டைப் பார்த்து எழுதினார். இப்போது பட்டத்துக்கு மேல் இன்னொரு சான்றிதழ்க் கட்டு வந்து சேர்ந்திருக்கிறது. இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்ததற்கு ஒரு சான்றிதழ், தலைமைத்துவப் பயிற்சிக்கு ஒரு சான்றிதழ். பிள்ளைகள் இவற்றைக் கோப்பில் அடுக்கிக் கொண்டு வருகிறார்கள். இவற்றைச் சேர்ப்பதற்காக ஓடுவதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. நேர்முகப் பரீட்சையில் "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு இந்தக் கட்டு தாங்காது.

தாங்குவது எது என்பதற்கு நம்மிடையே பழைய சாட்சிகள் இருக்கிறார்கள்.

1960களின் தொடக்கத்தில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்தார். மாணவர்கள் ஆடினார்கள். 'இராவணேசன்' அதில் வந்தது. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையைக் கட்டியெழுப்பிய பேராசிரியரானார். அதே காலத்துப் பேராதனையில் புவியியல் படித்த க. குணராசா, மாணவனாக இருக்கும்போதே நண்பர்களோடு சேர்ந்து சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டார். நாம் அறிந்த செங்கை ஆழியான் அவர்தான். பின்னாளில் இலங்கை நிர்வாக சேவையில் உயர் பதவிகள் வகித்தார். மாணவப் பருவத்தில் நூல் வெளியிடுவது என்றால் எழுத்தை மட்டும் நினைத்துவிட வேண்டாம். பிறர் கதைகளை வாங்குவது, தேர்ந்தெடுப்பது, திருத்துவது, காசு சேர்ப்பது, அச்சகத்தோடு மல்லுக்கட்டுவது, விற்பது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு நிர்வாக அதிகாரிக்குத் தேவையான பயிற்சியில் பாதி அங்கேயே நடந்துவிட்டது என்பேன்.

ஹட்டனிலேயே பார்ப்போம். அதே அறுபதுகளில் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும் எஸ். திருச்செந்தூரனும் ஆசிரியர்களாக இருந்தார்கள். பாடத்தோடு நின்றிருந்தால் அவர்கள் பெயரை இன்று யாரும் சொல்லமாட்டார்கள். மேடைப் பேச்சு, நாடகம், எழுத்து, சமூக வேலை என்று பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே இழுத்து வந்தார்கள். குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்தத் தலைமுறையிலிருந்துதான் மலையகத்தின் ஆசிரியர்கள், அதிபர்கள், எழுத்தாளர்கள், தொழிற்சங்கவாதிகள் என்று ஒரு வரிசையே எழுந்தது. நம்மிடம் இல்லாத ஒன்றை வெளியூரிலிருந்து கொண்டு வரச் சொல்லி நான் கேட்கவில்லை. இங்கே இருந்ததுதான்.

இப்போது மாசி மாதத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் காமன் கூத்து நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை பெரிய வேலை என்று. காமன் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து தகனம் முடியும்வரை பல நாள் ஓடுகிற வேலை. லயம் லயமாகப் போய்க் காசு சேர்க்க வேண்டும். ரதி, மன்மதன், எமன், வீரபத்திரன் என்று யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்ய வேண்டும், வேஷம் கிடைக்காதவரின் கோபத்தையும் ஆற்ற வேண்டும். தப்புக்காரர்களை ஏற்பாடு செய்வது, துரையிடம் பேசுவது, ஒலிபெருக்கிக்குப் பொலிஸில் அனுமதி எடுப்பது, இரவு முழுக்க இருக்கும் கூட்டத்துக்குத் தேத்தண்ணி, கடைசியில் ஊர் முன்னால் கணக்கு வாசிப்பது. இவ்வளவையும் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் ஓடியாடிச் செய்துவிட்டு, வங்கி நேர்முகத்தில் "நிகழ்ச்சி ஏதாவது ஒழுங்கு செய்த அனுபவம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்கிறான். நட்சத்திர ஹோட்டலில் கம்பனி விருந்து நடத்துவது மட்டும்தான் நிகழ்ச்சி என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். செய்ததைச் செய்தபடி எழுதுங்கள். 'தோட்டக் கூத்து விழாக் குழுவின் பொருளாளர், இரண்டு வருடம். நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் நிதி சேர்த்து, வரவு செலவு அறிக்கை சமர்ப்பித்தேன்.' உங்கள் தோட்டத்தில் குடும்பங்கள் நாற்பதுதான் என்றால் நாற்பது என்றே எழுதுங்கள், ஒன்றைக்கூடக் கூட்ட வேண்டாம். உறுதிப்படுத்தக் கூடியவராகக் கோயில் தலைவரையோ பாடசாலை அதிபரையோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'தலைமைத்துவப் பண்பு உடையவன்' என்று எழுதுவதைவிட இந்த ஒரு வரிக்குப் பலம் அதிகம்.

இன்னொன்றும் மறைக்கப்படுகிறது. விடுமுறைக்கு விடுமுறை கொழும்பில் புடவைக் கடையிலோ ஹாட்வெயார் கடையிலோ நின்று படிப்புச் செலவைத் தேடிய பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அதைக் கோவையில் போட வெட்கப்படுகிறார்கள். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாய்க்கு வந்தது. அதற்கு முன் 1,000 ரூபாய்க்கே எத்தனை வருடப் போராட்டம் என்று நமக்குத் தெரியும். கொழுந்து பறிக்கிற அம்மாவின் அந்தச் சம்பளத்தில் கெம்பஸ் படிப்பு நடக்காது. ஆகவே பிள்ளை வேலைக்குப் போனது. சிங்களமும் தமிழும் பேசும் வாடிக்கையாளரோடு நாள் முழுக்கப் பேசி, சரக்குக் கணக்கு வைத்து, காசுப் பெட்டியைப் பொறுப்பாகப் பார்த்த அனுபவம் அது. விற்பனைத் துறையில் ஆள் எடுப்பவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தலை நிமிர்ந்து எழுத வேண்டிய விஷயம்.

அப்படியானால் கெம்பஸ் கழகங்கள் வேண்டாமா என்றால், வேண்டும், கட்டாயம் வேண்டும். அதற்கு நான் சொல்லும் முதல் காரணம் சிங்களம். நமது பிள்ளைகளில் பலர் தமிழ் மூலம் படித்து, தமிழ் நண்பர்களோடு விடுதியில் இருந்து, தமிழ் மூலமே பட்டம் எடுத்து வெளியே வருகிறார்கள். பேராதனையில் நான்கு வருடம் இருந்தும் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத வராது. அரச சேவைக்கு 2007 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது விதி. தனியார் நிறுவனத்தில் விதி இல்லை, ஆனால் ஹட்டன் நகரத்து வங்கியிலும் லீசிங் கம்பனியிலும் இரண்டு மொழியும் பேசுபவருக்குத்தான் முதல் இடம். அந்தச் சிங்களம் வகுப்பால் மட்டும் வருவதில்லை. கரப்பந்தாட்ட அணியில் சேர்ந்தவனுக்கு ஆறு மாதத்தில் வந்துவிடுகிறது. மேடைக்குப் பின்னால் பலகை அடித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமான பிள்ளைக்கு வந்துவிடுகிறது. தமிழ்ச் சங்கத்திலும் இந்து மாணவர் சங்கத்திலும் இருங்கள், பேராதனைக் குறிஞ்சிக் குமரன் கோயில் திருவிழாவில் வேலை செய்யுங்கள், அது நம் வீடு. அதோடு நம் வீட்டுக்கு வெளியே ஒன்றிலும் இருங்கள். இரண்டு போதும். எட்டுக் கழகத்தில் பெயர் மட்டும் கொடுத்தவரைவிட, ஒன்றில் மூன்று வருடம் நின்று அதன் கணக்கையோ கூட்டக் குறிப்பையோ சுமந்தவரிடம் பேசச் சரக்கு இருக்கும்.

2023இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே, அந்த நடைபயணம் ஒரு உதாரணம். ஜூலை இறுதியில் தொடங்கி ஓகஸ்ட்டில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அத்தனை நாளும் அத்தனை பேருக்கு உணவு, தங்குமிடம், மருத்துவம், ஊர் ஊராக வரவேற்பு, செய்தியாளர்கள் என்று ஏற்பாடு செய்ய எத்தனை கைகள் வேண்டியிருந்திருக்கும்! அப்படிப்பட்ட ஒன்றில் பின்னால் நின்று வேலை செய்த இளைஞருக்கு நேர்முகத்தில் பேச ஒரு மணித்தியாலம் போதாது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் அப்படித்தான். ஈழத்து, மலையக நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். ஆவணப்படுத்தல் என்பது இப்போது சம்பளம் தரும் தொழில். உங்கள் தோட்டத்தில் பழைய செக்ரோல், தொழிற்சங்கச் சந்தா அட்டை, கப்பல் காலத்துக் கடுதாசி யார் பெட்டியிலாவது இருக்கும். ஒரு விடுமுறையில் அவற்றைத் தேடி, படம் எடுத்து, உரியவரின் அனுமதியோடு விவரம் எழுதி ஒழுங்குபடுத்துங்கள். வரலாறு படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிமுகக் கடிதம் எனக்குத் தோன்றவில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலைப்பீடங்களில் பெரும்பான்மை அவர்கள்தான். கூட்டம் இருட்டிய பிறகு வைத்தால் விடுதி நேரம் தடுக்கும். விடுமுறைக்கு வந்த இடத்தில் ஹட்டன் நகரத்தில் ஏதாவது நிகழ்ச்சி என்றால், மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ கடைசி பஸ் தவறக்கூடாது. அங்கே இறங்கித் தோட்டத்துக்குள் இருட்டில் நடக்கவும் வேண்டும். 'பெண்கள் ஆர்வமாக முன்வருவதில்லை' என்று கழகப் பொறுப்பாளர்கள் குறைபடுவதைக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தைப் பகல் இரண்டு மணிக்கு மாற்றிப் பாருங்கள், மூன்று மொழியிலும் பேசலாம் என்று அறிவித்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் பிரிவுகள் இருக்கின்றன. முதல் வருடத்திலேயே தோட்டத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு, "லீவுக்குப் போய் என்ன செய்கிறாய்?" என்று அதன் மொழியில் விசாரிக்க ஓர் ஆள் அங்கே இருந்தால் போதும்.

ஆள் எடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கிளைகளுக்கு ஆள் தேடும் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் தனியார் பாடசாலைகளும் இதை வாசித்தால் நல்லது. விண்ணப்பப் படிவத்தில் 'கழகங்கள், விருதுகள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: 'உங்கள் ஊரிலோ குடும்பத்திலோ நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதவும்.' தமிழில் எழுத இடம் கொடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் லயத்தில் இருப்பவர்கள். லயத்துத் தாய்மாரோடு பேசி ஒரு மண்டபத்தை நிறைக்கத் தெரிந்த பிள்ளை உங்களுக்கு வேண்டாமா?

கடைசி வருடம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள் கையில் இருக்கின்றன. உங்கள் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் இல்லாத பாடம் எது என்று அதிபரிடம் போய்க் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். வரவுப் பதிவு வையுங்கள், பிள்ளைகளின் புள்ளிகளை மாதாமாதம் குறியுங்கள். சிங்கள வகுப்பு ஒன்றில் சேருங்கள். கோவையை அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். 'பாட்டுக் கேட்டல்' என்று எழுதிய தங்கச்சியின் கோவையில் இப்போது அந்த இடத்தில் ஏழு வரி இருக்கிறது. அவர் இன்னும் விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார். இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் முதலில் விசாரித்தது கோயில் மண்டபத்து வகுப்பைப் பற்றித்தானாம்.